பேண்ட் போட்டு நின்ற கோல்கீப்பர்

கேள்வி: மாரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ மூவரையும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள். கால்பந்து வரலாற்றில் உங்களால் மறக்க முடியாத ஆட்டக்காரர் யார், ஆட்டம் எது?

தாமஸ் என்கோனோ, கேமரூன் அணியின் கோல்கீப்பர். ஆட்டம், 1990 ஜூன் 8 அன்று மிலான் நகரில் நடந்த உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டம். கேமரூன் 1, அர்ஜென்டினா 0. எதிரணியில் மாரடோனா இருந்தார், அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பள்ளி அணியில் கீப்பராக நின்றவன். கோல் அடித்தவர்களைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எனக்கு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் கண் போஸ்ட்டுக்குத்தான் போகும். இந்தப் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

மதுரையில் கீப்பராக நிற்பது என்றால் என்னவென்று தெரிந்தால்தான் என்கோனோவை ஏன் பிடித்தது என்று புரியும். இப்போது காரியாபட்டிப் பக்கத்து சேது எஃப்சி பெண்கள் அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கையே ஜெயித்து வந்திருக்கிறது. என் பள்ளி நாட்களில் நாங்கள் ஆடியது செம்மண்ணும் சரளையும் கலந்த பொட்டல். டைவ் அடித்தால் தொடையில் தோல் இருக்காது. அதனால் பயிற்சியை வைகை ஆற்று மணலில் வைத்துக்கொள்வோம், தண்ணீர்தான் வருஷத்தில் பாதி நாள் வராதே. ஆனால் மேட்ச் மைதானத்தில்தான். அப்பாவின் பழைய பேண்ட்டை அறுத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். மற்ற பசங்க சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில், எங்கள் தெருவில் சாலிடேர் டிவி இருந்த வீட்டு வாசலில் கூட்டத்தோடு உட்கார்ந்து, ராத்திரி ஒன்பதரைக்கு தூர்தர்ஷனில் அந்த ஆட்டத்தைப் பார்க்கிறோம். கேமரூன் கோலில் ஒரு மனிதர் முழுநீள பேண்ட்டோடு நிற்கிறார். உலகக் கோப்பையில்! அடுத்த நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அன்று அவர் ஆடுவதாகவே இல்லை. ஜோசப்-அந்துவான் பெல் என்பவர்தான் முதல் கீப்பர். அவர் நிர்வாகத்தை வெளிப்படையாக விமர்சித்ததில் கடைசி நேரத்தில் உட்கார வைக்கப்பட்டார், என்கோனோ களம் இறங்கினார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் புது ஆள் இல்லை. 1982 உலகக் கோப்பையிலேயே கேமரூனுக்கு நின்றவர். அந்த முறை மூன்று ஆட்டம் ஆடி மூன்றையும் டிரா செய்தார்கள், என்கோனோ விட்டது ஒரே ஒரு கோல். அந்தக் கோலை அடித்த இத்தாலி, அதிக கோல் கணக்கில் கேமரூனைத் தாண்டி முன்னேறி, கடைசியில் கோப்பையையே வாங்கியது. தோற்காமலே வெளியேறியவர்கள் எட்டு வருஷம் கழித்து நடப்புச் சாம்பியன் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

மென்மையான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். காலைப் பார்த்து அடித்தார்கள், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. 61ஆவது நிமிடத்தில் கேமரூனின் கானா-பியிக் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஆறு நிமிடம் கழித்து அவருடைய சொந்தச் சகோதரர் ஒமாம்-பியிக் எகிறித் தலையால் முட்டி ஒரு ஹெட்டர் அடித்தார். அண்ணன் தம்பியில் ஒருவர் வெளியே போன வேகத்தில் இன்னொருவர் கோல். கடைசி நிமிடங்களில் அர்ஜென்டினாவின் கனிஜியா பந்தோடு ஓடுகிறார், இரண்டு பேர் இடறிவிட்டும் விழாமல் தாண்டிவிட்டார், மூன்றாவதாக மாஸிங் வந்து மோதிய மோதலில் மாஸிங்கின் பூட்ஸே கழன்று பறந்தது. அவரும் வெளியே. ஒன்பது பேரோடு ஆடி ஜெயித்தார்கள்.

ஆனால் ஒமாம்-பியிக்கின் ஹெட்டர் பலமான அடி இல்லை. அர்ஜென்டினா கீப்பர் பும்பிடோவின் நேர் கைக்குத்தான் வந்தது. அவர் கையில் பட்டு, நழுவி, உருண்டு கோட்டைத் தாண்டியது. பும்பிடோ சாதாரண ஆள் இல்லை, 1986இல் கோப்பை ஜெயித்த கீப்பர். எங்கள் வாசலில் எல்லாரும் கத்தினார்கள், எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. கோல் அடிக்கும் ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணாக்கி ஒன்றை அடித்தால் ஹீரோ. கீப்பருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஐந்து நாள் கழித்து சோவியத் யூனியனோடு ஆட்டம். ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே பும்பிடோ சொந்த அணிக்காரரோடு மோதிக் கால் முறிந்து போனார். மாற்றாக வந்தவர் செர்ஜியோ கோய்கோசெயா. காலிறுதியில் யூகோஸ்லாவியாவோடு ஆட்டம் சமனாகி, முடிவு பெனால்டி உதைகளில், மாரடோனாவே கோட்டைவிட்டார், கோய்கோசெயா இரண்டைத் தடுத்தார். அரையிறுதியில் இத்தாலியோடு பெனால்டி, அங்கேயும் இரண்டு. பெனால்டிக்கு முன்னால் மைதானத்திலேயே மறைவாகச் சிறுநீர் கழிப்பதை ராசியாக வைத்திருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நம்ம ஊர்க்காரர் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்தியிருப்பார். இறுதியாட்டத்தில் 85ஆவது நிமிடம் ஜெர்மனியின் பிரெமே பெனால்டி அடித்தபோதும் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து போஸ்ட்டை ஒட்டிப் போய்விட்டது.

கேமரூனைப் பற்றி எல்லாருக்கும் ரோஜர் மில்லாவைத் தெரியும். ரீயூனியன் தீவில் ஓய்வாக ஆடிக்கொண்டிருந்தவரை நாட்டின் அதிபரே கேட்டுக்கொண்டு அழைத்து வந்தார். 38 வயதில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி நான்கு கோல், ஒவ்வொன்றுக்கும் மூலைக் கொடியருகே ஒரு நடனம். அதில் கொலம்பியாவுக்கு எதிரான ஒரு கோல், கீப்பர் ஹிகிட்டா கோலை விட்டு வெகுதூரம் ஓடிவந்து மில்லாவுக்கு வித்தை காட்டப் போய்ப் பறிகொடுத்தது. ஹிகிட்டாவை எல்லாரும் திட்டுவார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும், அந்த வித்தையால் கொலம்பியா பல ஆட்டங்களில் பிழைத்தும் இருக்கிறது. காலிறுதியில் கேமரூன் இங்கிலாந்தை 2-1 என்று பின்னுக்குத் தள்ளி, ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது பெனால்டி, கூடுதல் நேரத்தில் இன்னொரு பெனால்டி, 3-2 என்று தோற்றார்கள். இரண்டையும் அடித்தவர் லினெக்கர். நான்கு பேர் அட்டை வாங்கி வெளியே இருந்த அணி அது, அதை மறக்கக் கூடாது.

இந்த ஓட்டத்துக்குப் பலன் இருந்தது. 1990இல் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு இடம், 1994இல் மூன்று. என்கோனோவின் பலன் வேறு மாதிரி. இத்தாலியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அவரைப் பார்த்துவிட்டுக் கீப்பர் ஆவதென்று முடிவு செய்தான். அவன் ஜான்லூயிஜி புஃபோன், பிறகு 2006இல் உலகக் கோப்பை ஜெயித்தவர். தன் மகனுக்கு லூயிஸ் தாமஸ் என்று பெயர் வைத்தார்.

இன்னொரு விளைவும் உண்டு, அது எங்களைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது. அந்த உலகக் கோப்பையில் கோல்கள் மிகக் குறைவு. முன்னிலை கிடைத்ததும் கீப்பரிடம் பந்தைத் தட்டி, அவர் கையில் எடுத்து, நேரத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். சலித்துப் போய் 1992இல் விதியை மாற்றினார்கள்: சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. இந்தச் சேதி எங்கள் மைதானத்துக்கு வந்தபோது, காலால் பந்தை உதைக்கவே வராத கீப்பர்கள் பாதிப்பேர் விளையாட்டையே விட்டார்கள்.

சரி, இந்திய ஆட்டம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். அதிலும் எனக்குக் கீப்பர்தான், பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். ஃபார்வர்டாகத் தொடங்கிக் கீப்பரானவர். நீலகிரி வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955இலும் 1958இலும் இந்தியாவின் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை ஜெயித்தது, அவர் ஆடிய காலம்.

எனக்கு இதெல்லாம் பெரியப்பா சொல்லித்தான் தெரியும். திருமங்கலம் பக்கத்திலிருந்து போய் அதே ரெஜிமென்ட்டில் இருந்தவர். "டேய், தங்கராஜ் கையை விரிச்சு நின்னாருன்னா பின்னாடி போஸ்ட்டு இருக்கிறதே தெரியாதுடா" என்பார். ஆறடிக்கு மேல் உயரம் என்பது உண்மைதான், மீதியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு இறுதியாட்டம், எதிரணி தென்கொரியா. முதல் சுற்றில் இதே கொரியா நம்மை 2-0 என்று அடித்திருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை எதிர்த்து இந்திய அதிகாரி ஒருவர் பேசியிருந்ததால் லட்சம் பேர் கொண்ட அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சல். பயிற்சியாளர் ரஹீமுக்குப் புற்றுநோய், அடுத்த வருஷமே இறந்துவிட்டார். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல், அவரை ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, இருபது நிமிடத்தில் 2-0. கடைசிக் கட்டத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது, 2-1, தங்கம் நமக்கு.

பெரியப்பா அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் கொரியாவின் அந்த ஒரு கோல் ஆஃப்சைடு என்று கடைசிவரை சாதித்தார்.