பைபாஸ் செய்த அம்மாவுக்கு நடைக்கு முன்னால் கதிரைதான்

களுவாஞ்சிக்குடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: 72 வயது அம்மா, இதயத்தில் பைபாஸ் ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று கிழமை, எழும்பவே பயப்படுகிறார், என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று. நான் டொக்டர் இல்லை. 74 வயதில் பைபாஸ் செய்த அப்பாவைக் கல்லடியில் எங்கள் வீட்டில் வைத்து ஆறு மாதம் பார்த்த மகள்.

முதல் இரண்டு கிழமை நாங்கள் செய்தது அத்தனையும் பிழை. சாப்பாடு கட்டிலுக்கு, தேத்தண்ணீர் கட்டிலுக்கு. எழும்ப வேண்டுமென்றால் நானும் தம்பியும் கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்குவோம். கிளினிக்கில் அதைப் பார்த்த பிசியோதெரபி மிஸ் பதறிப்போனார். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் எடுக்கும். கையைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை அதில்தான் விழும். இடுப்பில் கை வைத்துத் தாங்குங்கள் என்றார். படுத்தே இருந்தால் இந்த வயதில் கால் தசை மளமளவென்று கரைந்துவிடும் என்றும் சொன்னார்.

அதனால் கதிரையில் தொடங்கினோம். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். மரக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, மடித்த போர்வைகளைப் போட்டு உயர்த்தினோம். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, நன்றாக முன்னால் சாய்ந்து எழும்ப வேண்டும். முதல் நாள் மூன்று தடவை, அவ்வளவுதான். சில நாளுக்கு ஒரு போர்வையாக எடுத்துக்கொண்டே வந்தோம். ஐந்தாவது கிழமை அப்பா வெறும் கதிரையில் எட்டுத் தடவை எழும்பினார். அன்றிரவு யாரையும் கூப்பிடாமல் தானே கொமட்டுக்குப் போய் வந்தார். என் அம்மா அழுதேவிட்டார்.

அப்புறம் சமநிலை. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்பது. பின்னால் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். 2021இல் அமெரிக்காவில் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 349 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வலிமை, சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் சக்தி நான்கையும் சேர்த்துப் பழகியவர்களின் உடலியக்கம் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தது. அவர்கள் பைபாஸ் நோயாளிகள் இல்லை. ஆனால் தளர்ந்த உடம்புக்கு நடை மட்டும் போதாது என்பதை நான் அப்பாவிடமே பார்த்தேன்.

நடை விறாந்தையில் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டினோம். நாடித்துடிப்பை எண்ணி அளவு பார்க்காதீர்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் குளிசை குடிப்பவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. நடக்கும்போது கதை கொடுங்கள்; ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிந்தால் அளவு சரி. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் உங்கள் அம்மா கிணற்று வாளியையோ தேங்காய் திருவலையையோ தேடிப் போவார். இரண்டும் மூன்று மாதத்துக்குக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். பைபாஸுக்காக இரத்தக் குழாய் எடுத்த கால் வீங்கும்; இருக்கும்போது உயர்த்தி வையுங்கள்.

தலைசுற்றினாலோ படபடத்தாலோ உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நெஞ்செலும்பு கிளிக்கென்று அசைந்தால், காயத்தில் நீர் கசிந்தால், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

தொடங்கும் முன் டொக்டரிடமும் பிசியோவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கதிரையில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று தினமும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கும் அடுத்த படியைச் சொல்லச் சுலபமாக இருக்கும்.