நூலகப் புள்ளிவிவரம்: படிவம் நிரப்புகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

நாடு முழுவதும் உள்ள பொது நூலகங்களின் ஆண்டுப் படிவங்களை வாங்கி, சரிபார்த்து, தொகுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். படிவம் நிரப்பும் காலம் என்பதால் கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போவோம்.

கிளை நூலகர் ஒருவர்: சார், வாசலில் ஆள் எண்ணும் கருவி மாட்டியிருக்கிறோம். அது காட்டும் எண்ணை அப்படியே எழுதலாமா?

முதலில் அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் எண்ணும் கருவி என்றால் பாதியாக்கித்தான் எழுத வேண்டும். ஒருமுறை ஒரு நூலகத்தின் வருகை ஒரே வருடத்தில் இரட்டிப்பாகியிருந்தது. அடடா என்று சந்தோஷப்பட்டு விசாரித்தால், முன்பு இருந்தவர் பாதியாக்கி எழுதிவந்திருக்கிறார். புதிதாக வந்தவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. எண்ணும் முறையை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

எங்களிடம் கருவியே இல்லை. குத்துமதிப்பாக எழுதலாமா?

வேண்டாம். மாதிரி வாரம் என்று ஒரு வழி இருக்கிறது. ரொம்பக் கூட்டமும் இல்லாமல், ரொம்ப வெறிச்சோடியும் போகாமல் இருக்கிற ஒரு வாரத்தில் தலை எண்ணி, நூலகம் திறந்திருந்த வாரங்களால் பெருக்குங்கள். வாரத்துக்கு 400 பேர், 50 வாரம் என்றால் 20,000. தேர்வுக்கால வாரம், விடுமுறை விழும் வாரம் இரண்டும் ஆகாது. வருடத்தின் வெவ்வேறு பருவங்களில் இரண்டு மூன்று வாரம் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது. 'மதிப்பீடு' என்று குறித்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே புத்தகத்தின் இரவலை மூன்று முறை புதுப்பித்தால் அது ஒரு வழங்கலா (இரவல் கொடுத்ததா), நான்கா?

சண்டை வரும் இடம் இதுதான். நூலகப் புள்ளிவிவரத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 2789, வாசகர் கேட்டுப் புதுப்பித்ததைத் தனியாக எண்ணச் சொல்கிறது. மென்பொருள் தானாகவே தேதியை நீட்டினால் அதை எண்ணக்கூடாது, யாரும் எதுவும் கேட்கவில்லையே! அமெரிக்கக் கணக்கெடுப்பிலோ மொத்த வழங்கலில் புதுப்பித்தலும் சேரும். உங்கள் படிவத்தின் விளக்கக் குறிப்பு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

ஆய்வு மாணவி: அப்படியானால் இரண்டு நாடுகளை ஒப்பிடவே முடியாதா?

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது. இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. நூலகப் புள்ளிவிவரத்தை ஒரே சீராக்க யுனெஸ்கோ 1970இலேயே ஒரு பரிந்துரையை ஏற்றது, ஐ.எஸ்.ஓ. தரநிலை 1974இல் வந்து, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அப்படியும் 'நூலகம்' என்ற சொல்லிலேயே வழுக்கும். அமெரிக்காவில் நூலகங்களை நடத்தும் நிர்வாக அமைப்புகளை மட்டும் எண்ணினால் ஏறக்குறைய 9,000. கிளைகளையும் நடமாடும் நூலகங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 17,000. எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து 'ஒரு நூலகத்துக்கு எத்தனை பேர்' என்ற விடையே மாறிவிடும். எண்ணைப் பார்க்கும் முன் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

உறுப்பினர் பட்டியலில் இருபது வருடப் பெயர்களும் இருக்கின்றன. எல்லாமே சேருமா?

ஊரைவிட்டுப் போனவர், உலகைவிட்டே போனவர் எல்லாம் அதில் இருப்பார்கள். மூன்றாண்டாக அட்டையைத் தொடாதவர்களைக் கழித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்த ஆண்டில் ஒரு முறையாவது இரவல் வாங்கியவர்களைத் தனியாக எழுத முடிந்தால், அந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பட்டியலைத் துப்புரவாக்கிய வருடம் எண்ணிக்கை சரியும்; காரணத்தைக் குறிப்பில் எழுதாவிட்டால் மேலதிகாரி பதறுவார்.

'கழிவறை எங்கே?' என்று கேட்பதும் குறிப்புதவிக் கேள்வியா (தகவல் தேட உதவி கேட்பதா)?

இல்லை. தேடிக் கொடுக்க நூலகரின் அறிவு தேவைப்பட்டால்தான் கணக்கு.

மின்னூல் பயன்பாட்டை எப்படி எண்ணுவது?

மின்னூலை விற்கும் வழங்குநரிடம், மின்வளப் பயன்பாட்டை ஒரே சீராக எண்ணுவதற்கான கவுன்ட்டர் (COUNTER) முறைப்படி அமைந்த அறிக்கை கேளுங்கள். 2003 முதல் இருக்கிற நடைமுறை. பல நூலகங்கள் கூட்டாகச் சந்தா கட்டினால், ஒரே தொகுப்பை ஆளுக்கொரு முறை எண்ணிவிடாதீர்கள்.

தெரியாத கட்டத்தில் 0 போட்டால் என்ன தவறு?

பெரிய தவறு. 0 என்றால் 'எண்ணினோம், ஒன்றுமில்லை' என்று பொருள். காலிக் கட்டம் என்றால் 'எண்ணவில்லை'. காலியாக விட்டால், உங்கள் போன வருட எண்ணையும் உங்களைப் போன்ற அளவுள்ள நூலகங்களின் போக்கையும் வைத்து நாங்கள் ஈடுகட்டுவோம், மதிப்பீடு என்று அடையாளமும் இடுவோம். 0 போட்டால் அதை அப்படியே நம்பவேண்டியதாகிவிடும். நாட்டின் மொத்தமும் குறைந்துவிடும்.

உண்மையைச் சொல்லுங்கள் சார். எண் குறைந்தால் நிதியும் குறைகிறது. கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்கு நட்டம்?

குறைந்த எண்ணைக் காட்டி நிதியை வெட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் கூட்டினால் அடுத்த வருடம் அதற்கும் மேலே எழுத வேண்டும். வருகை ஏறி, வழங்கல், கணினிப் பயன்பாடு, நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் எல்லாம் அசையாமல் நின்றால் சரிபார்ப்பில் சிக்கும். நாங்கள் தொலைபேசியில் கூப்பிடுவோம். அதைவிட, எண் ஏன் குறைந்தது என்று குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: மூன்று மாதம் கூரை வேலை, ஆள் பற்றாக்குறையால் மாலை நேரம் மூடல், எதுவானாலும். அந்தக் கட்டத்தைப் பெரும்பாலோர் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.