கழித்தலில் போகும் இருப்பு

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக நிரலாளராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வேலை. செலவினங்களை வகைப்படுத்தும் பகுதி என் பொறுப்பு. இந்த ஆண்டு மதிப்பீட்டில், 'தொழில்நுட்பம் தெரிகிறது, வணிகம் தெரியவில்லை' என்று மேலாளர் எழுதிவிட்டார். பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. நண்பர்கள் எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசுவதுதான் வணிகத் திறன் என்றால் அது எனக்கு வேண்டாம். நான் நினைப்பது தவறா?

கா.

அன்புள்ள கா.,

இனிக்கப் பேசுவது வேண்டாம் என்கிறீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மேலாளர் எழுதியதை அதோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

2003இல் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இருப்பு பூஜ்யம் ஆகிவிட்டால் பில் விழாது. இல்லாத சரக்கை யாரும் தவறுதலாக விற்றுவிட முடியாது என்று அதில் எனக்குப் பெருமை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் விடிகாலை லாரியில் பேல்கள் இறங்கின. கூட வந்த சலானில் பேல் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. விலை பேசி முடித்து, ரகவாரியான பில் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை கணினியில் இருப்பு பூஜ்யம். வெளியூர் வியாபாரிகள் பணத்தோடு நிற்கிறார்கள். என் மென்பொருள் மறுக்கிறது. கணக்குப்பிள்ளை பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். அன்று இரவு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தலில் இருந்தால் தப்பு என்று யார் சொன்னது தம்பி? அது இன்னும் வந்து சேராத பில்." என் நிரலில் ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் அந்தக் கடைக்கு அது உதவவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

டாலி என்ற கணக்கு மென்பொருள் பிறந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்குப் பொருள் விநியோகித்த வியாபாரி. தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986இல் அந்த நிறுவனம் தொடங்கியது. இருப்பு கழித்தலில் போனாலும் டாலியில் பில் போட்டுவிடலாம். வியாபாரம் நடக்கும் வரிசை தெரிந்தவர்கள் செய்த பொருள் அது.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, தனிநபர், சிறுநிறுவனக் காப்பீடுகளில் வரிகள் போக உள்ள பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதமும், பெருநிறுவனக் குழுக்களில் 85 சதவீதமும் சிகிச்சைக்கும் அதன் தரத்தை உயர்த்தும் பணிகளுக்கும் போக வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். நோயாளி மறுபடி மருத்துவமனையில் சேராமல் தடுக்கும் கவனிப்பு அந்த 80க்குள் வரும். முகவர் தரகு நிர்வாகச் செலவு; அது அதற்குள் வராது. நீங்கள் எழுதும் வகைப்பாட்டில் ஒரு செலவு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து, பிரீமியம் கட்டிய ஒரு குடும்பத்துக்குப் பணம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மூன்று ஆண்டுகளாக உங்கள் கை இதன்மேல் இருந்தும் ஒருவரும் உங்களிடம் இதைச் சொல்லவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்காமல் இருந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். இரண்டு மாதம் மாலை வகுப்பில் கணக்குப் பதிவியல் படியுங்கள். பற்று எது, வரவு எது என்று கைப்படப் பேரேடு எழுதிப் பழகுங்கள். உங்கள் திட்டத்துக்கு மணிக்கணக்கில் பணம் வருகிறதா, மொத்தத் தொகையா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தத் தொகை என்றால், 'சின்ன மாற்றம்தானே' என்று நீங்கள் ஒப்புக்கொள்வதெல்லாம் உங்கள் நிறுவனத்தின் லாபத்திலிருந்து போகிறது.

திங்கட்கிழமை அந்தச் செலவு வகைப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று வாடிக்கையாளர் தரப்பில் ஒருவரைக் கேளுங்கள். அவர் தயங்கும் வரிகளைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.