"உயிரே இல்ல பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 33. பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் என் கையில் முதல் கேமராவைக் கொடுத்தவர் பெரியப்பா. 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல். கழுவி வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லார் தலையும் வெட்டுப்பட்டிருக்கு. ரெண்டடி பின்னால போய் எடு" என்றார்.

போன வருடம் பெரியம்மா தவறிவிட்டார். அதிலிருந்து ஞாயிறு விடிந்தால் கேமராவோடு கே.ஆர். மார்க்கெட் பூக்கடைக்குப் போய்விடுவார். 20 படங்களை பிரின்ட் போட்டு, கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டார். "மறைக்காம சொல்லும்மா."

இருபதும் மாடியில் நின்று கீழே பார்த்து எடுத்தவை. சாமந்திக் குவியல், கூடை, உச்சந்தலைகள். ஒரே ஒரு படத்தில் மட்டும் பூக்கட்டும் அம்மா ஒருவர் நாரைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். நான் சொன்னது இவ்வளவுதான்: "உயிரே இல்ல பெரியப்பா."

அவர் ஒன்றும் பேசவில்லை. படங்களை அடுக்கி உறைக்குள் போட்டுவிட்டு காபி போடப் போனார். மூன்று வாரமாக கேமரா பீரோவுக்குள் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

அன்புள்ள மகளுக்கு,

வேண்டாம். மறைக்காமல் சொல் என்று கேட்டவருக்குப் பொய் சொல்வது அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவது. ஆனால் எனக்கு எழுதியதில் பாதியைக்கூட நீங்கள் அவரிடம் சொல்லவில்லையே! மாடி, உச்சந்தலைகள், நிமிர்ந்து பார்க்கும் அந்த அம்மா என்று எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அவர் காதில் விழுந்தது "உயிரே இல்ல" மட்டும்தான். போன வருடம்தான் மனைவியைப் பறிகொடுத்தவருக்கு அந்தச் சொல் படத்தோடு நின்றிருக்காது.

1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதன் விளைவு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், அந்தக் கருத்து காதில் விழுந்த பிறகு செயல்திறன் குறைந்துதான் போயிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பும்போது அந்தக் கருத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பெரியப்பா அன்று உங்களிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இனிப்பு தடவாத பேச்சு. ஆனாலும் அடுத்த ரோலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கால்களுக்குத் தெரிந்தது. ரெண்டடி பின்னால்.

அவர் பேசாமல் இருப்பதை உடனே கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டதை மென்று விழுங்க வயதானவர்களுக்குச் சில நாள் பிடிக்கும், அதுவும் தூக்கி வளர்த்த பிள்ளையிடமிருந்து வந்தால்.

இந்த வாரமே நேரில் போங்கள். இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. "அந்த வார்த்தை தப்பு பெரியப்பா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதும், கருத்தை வாபஸ் வாங்க வேண்டாம். வாங்கினால் அவரே நம்பமாட்டார். பிறகு உறையைத் திறந்து அந்தப் பூக்காரம்மா படத்தை எடுத்து, "இதுல மட்டும் எனக்கு நின்னு பார்க்கத் தோணுச்சு. இவங்க பக்கத்துல போய் எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். ஏன் மாடியிலேயே நிற்கிறார் என்பதற்கு நீங்களாக ஒரு காரணம் கற்பிக்க வேண்டாம். அவரே சொல்லலாம், சொல்லாமலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கேமராவோடு கூடப் போங்கள். நீங்கள் எடுத்த படங்களை அவரிடம் காட்டி, முதலில் அவரைக் குறை சொல்லச் சொல்லுங்கள்.