நடுவில் ஓடுவது காற்று

கேள்வி: முன்பு ஒற்றை உடல் கொண்ட ரிமோட் படகு வைத்திருந்தேன். மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரையும் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் குழாய் அதன் அடியில், நடுக்கோட்டில் இருந்தது. இப்போது 80 செ.மீ. நீளத்தில் ஒரு கட்டுமரம் செய்து, அதேபோல் இரண்டு உடல்களுக்கும் நடுவே குழாயை வைத்தேன். கிளம்பும்போது படகின் பக்கவாட்டில் உள்ள வெளியேறும் துளையில் தண்ணீர் வருகிறது. வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது. இரண்டே நிமிடத்தில் ஸ்பீடு கன்ட்ரோலர் கொதித்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. சிறிய பம்ப் ஒன்று பொருத்தலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பம்ப் வேண்டாம். உங்கள் பக்கத்துத் தோப்புகளில் கோடையில் கிணறு இறங்கி, குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வ் வெளியே தெரிந்தால் குழாயை இறக்குவார்களா, இன்னொரு மோட்டார் வாங்குவார்களா? உங்கள் படகிலும் அதே கதைதான்.

பெயர்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டியது, நடுவிலும் மரம்தான். ஆங்கிலேயர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுபோய் இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். இதில் நடுவே இருப்பது ஒரு சுரங்கம். வேகம் ஏறியதும் படகு எழும்பி, இரண்டு உடல்களின் பின்முனை மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஓடும். சுரங்கத்தில் காற்று புகுந்து படகைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் குழாய் அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் எடுக்க நல்ல இடம் சுக்கான். உள்ளே துளையுள்ள சுக்கான் கடையில் கிடைக்கும். அதன் முன்விளிம்பில், உடலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக வாய் இருக்க வேண்டும். ஆனால் சுக்கான் ப்ரொப்பெல்லருக்கு நேர் பின்னால் வேண்டாம், ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். பாதி மூழ்கிச் சுழலும் ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளுவது தண்ணீர் அல்ல, நுரை. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முப்பது வருடமாக மோட்டார் வைண்டிங் செய்கிறவன். வார்னிஷ் கருகும் வாசனை கரைவரை வந்தபோதுதான் என் படகை நிறுத்தினேன்.

சுக்கானை மாற்ற மனமில்லை என்றால் ஓர் உடலின் அடியில், பின்பலகைக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னால் பித்தளைக் குழாயைச் சாய்வாக வெட்டி, வாய் முன்நோக்கி இருக்கும்படி பதியுங்கள். அடியில் படிபோல் வெட்டு இருந்தால் அதை ஒட்டிப் பின்னால் வைக்காதீர்கள், அங்கும் காற்றுதான். எந்த உடல் என்பதற்கும் கணக்கு உண்டு. கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகவே சுற்றுகிறவர் என்றால் இடது உடலில் வையுங்கள். வலப்பக்கம் வெட்டித் திரும்பும்போது வலது உடல் தண்ணீரை விட்டு எழும்பக்கூடும்.

பம்ப் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் முன்நோக்கிய வாயில் ஏறும் அழுத்தம், ஐந்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே சிலிக்கான் ட்யூப் மாட்டும் இடங்களில் மெல்லிய கம்பி சுற்றிக் கட்டுங்கள். கழன்றால் படகுக்குள்ளேயே குளம்.

தண்ணீர் முதலில் ஸ்பீடு கன்ட்ரோலருக்கு, பிறகு மோட்டாருக்கு. வெளியேறும் துளையைக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் உயரமாக வையுங்கள். பழைய துளையை எப்பாக்சி கொண்டு அடைத்து வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: மூலத்தறை வாய்க்கால் தண்ணீர் வரும் ஏரியில் ஓட்டுகிறேன். குளிர்விக்கும் குழாயைப் பாசி அடைக்கிறது. குழாயின் வாய்க்கு வலை கட்டலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: கூடாது. பாசி வலையில் ஒட்டிக்கொண்டு இன்னும் சீக்கிரம் அடைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெளியேறும் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துத் தண்ணீரைப் பின்னோக்கி அடியுங்கள். மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் கேளுங்கள், சின்னது போதாது.