நிலவிலிருந்து வந்த கொள்ளையர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த 'ரேடார் மென் ஃப்ரம் தி மூன்' என்ற பழைய அமெரிக்கத் திரைத்தொடரின் 12 பாகங்களையும் ஒரே மூச்சில் பார்த்தேன். பூமியைப் பிடிக்க நிலவிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர் ரவுடிகள் இரண்டு பேரை வைத்துக் கொள்ளையடிக்கிறார்கள். பாதிக் காட்சிகள் பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. இதில் என்ன கண்டீர்கள்?

கே.

அன்புள்ள கே,

நீங்கள் சொல்லும் குறைகள் உண்மைதான். நான் இன்னொன்றும் சொல்கிறேன். நிலவின் அரசன் ரெடிக் போட்டிருக்கும் உடை, 1945ல் 'தி பர்ப்பிள் மான்ஸ்டர் ஸ்ட்ரைக்ஸ்' தொடரில் செவ்வாய்க்காரனாக வந்த ராய் பார்க்ராஃப்டுடையது. 1952ல் அதே நடிகர் அதே உடையில் நிலவுக்குப் போய்விட்டார். நாயகன் கமாண்டோ கோடி பறப்பதற்குப் போட்டுக்கொள்ளும் ராக்கெட் உடையும் 1949ல் வந்த 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' தொடரிலிருந்து எடுத்ததுதான். இவற்றை எடுத்த ரிபப்ளிக் ஸ்டுடியோவில், பழைய படங்களிலிருந்து சேர்த்துவைத்த கையிருப்புக் காட்சிகளைப் பார்த்துவிட்டுத்தான் கதையே எழுதுவார்கள்.

ஆனால் அந்தக் கையிருப்பில் உள்ள பறக்கும் காட்சிகள் எப்படி உருவாயின என்று பாருங்கள். ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள் ஆளைவிடச் சற்றுப் பெரிய பொம்மையைச் செய்து, உயரத்தில் கட்டிய கம்பியில் சறுக்கவிட்டார்கள். வெட்டவெளியில், நிஜ வெயிலில், நிஜ மலைகளுக்கு முன்னால். நடிகர் ஓடிவந்து எம்புவார், வெட்டு, பொம்மை பறக்கும், வெட்டு, சண்டைக் கலைஞர் தரையில் குதிப்பார். 1941ல் கேப்டன் மார்வெல் என்ற பறக்கும் நாயகனின் தொடரில் பயன்படுத்திய வித்தை இது. 1948ல் கொலம்பியா எடுத்த சூப்பர்மேன் தொடரில் நாயகன் பறக்கத் தொடங்கியதும் கார்ட்டூன் சித்திரமாகிவிடுவார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கோடியின் உடம்பில் விழும் வெளிச்சமும் மலையில் விழும் வெளிச்சமும் ஒன்று. அதனால்தான் இன்றும் கண் நம்புகிறது. எனக்கு அந்தச் சில நொடிகளுக்காகவே மொத்தத் தொடரும் தகும்.

கொள்ளை விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. முதல் பாகத்தில் முக்கியமான இடங்கள் அடுத்தடுத்துத் தகர்கின்றன. செய்வது விண்கலப் படை அல்ல, தொப்பியும் கோட்டும் போட்டு லாரியில் வரும் உள்ளூர்க்காரன். அணு ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்ததாக ரோசன்பர்க் என்ற அமெரிக்கத் தம்பதிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது 1951ல். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரி நம் தெருவில், நம்மைப் போலவே இருப்பான் என்பதுதான் அன்றைய அமெரிக்கப் பயம். தயாரிப்பாளர்கள் இதை யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கார் துரத்தலுக்குச் செலவு குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிக்கனம் கதையைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பெரிய பொருட்செலவில் எடுத்திருந்தால் பறக்கும் தட்டுகள்தான் வானில் வந்திருக்கும்.

நடுப்பாகங்கள் தொய்வுதான். ஒரே அறையில் ஒரே மாதிரிக் குத்துச்சண்டை. ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் பார்த்ததும் ஒரு காரணம். தியேட்டரில் வாரம் ஒரு பாகமாக வந்த தொடர் இது. போன வாரம் காரோடு பள்ளத்தில் விழுந்தவன் இந்த வாரம் முன்னதாகவே குதித்துவிட்டதாகக் காட்டுவார்கள். ஏழு நாள் இடைவெளிக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் ஏமாற்று மட்டுமே தெரியும்.

அடுத்து அதே 1952ல் வந்த 'ஸோம்பீஸ் ஆஃப் தி ஸ்ட்ராடோஸ்பியர்' பாருங்கள். அதே ராக்கெட் உடைதான். செவ்வாய்க்காரர்களில் ஒருவராக இளம் லியோனர்ட் நிமாய் வருவார், 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பாக்காகத் திரையில் தோன்றுவதற்கு 14 ஆண்டுகள் முன்பு. வாரம் ஒரு பாகமாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.