ஊராட்சியில் மின்வாகன சார்ஜிங்: எத்தனை சாக்கெட், எவ்வளவு லோடு, சோலார் எங்கே?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சுமார் 4,000 பேர் இருக்கிறோம். ஆறு மின் ஆட்டோ, முப்பது மின் ஸ்கூட்டர், இரண்டு மின் கார் ஓடுகின்றன. பேருந்து நிறுத்தத்தில் சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் கேட்கப்போகிறோம். 30 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரும் சோலார் கூரையும் சேர்த்துப் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். “சோலார் இருந்தால் கரண்ட் இலவசம், கரண்ட் போனாலும் சார்ஜ் ஏறும்” என்கிறார். நம்பலாமா? தீர்மானத்தில் என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த 30 கிலோவாட் சார்ஜரை ஒதுக்கிவிடலாம். அதில் வருவது சி.சி.எஸ். 2 எனப்படும், காரில் மாட்டும் சார்ஜிங் துப்பாக்கி (கேபிள் முனை). உங்கள் ஊரில் ஓடும் ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ அது பொருந்தாது. பல லட்சம் கொடுத்து வாங்கினால் பயன்பெறப்போவது இரண்டு கார்கள் மட்டுமே. அவையும் இரவில் வீட்டில்தான் சார்ஜ் ஏறுகின்றன. நெடுஞ்சாலை ஓரத்து ஊர், வெளியூர்க் கார்கள் நின்று போகும் என்றால் கணக்கு வேறு. டிரான்ஸ்பார்மரையும் பாருங்கள். கிராமங்களில் பெரும்பாலும் 25, 63, 100 கே.வி.ஏ. (ஏறக்குறைய கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளலாம்) டிரான்ஸ்பார்மர்கள்தான். 63-இல் இருந்து ஒரே சார்ஜர் 30 கிலோவாட்டை உறிஞ்சினால் தெருவில் மற்ற வீடுகளின் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், மறுநாளே பஞ்சாயத்துதான்.

உங்களுக்குத் தேவை நின்றிருக்கும் நேரத்தில் மெதுவாக ஏறும் சார்ஜ். மின் ஆட்டோக்களின் பேட்டரி பெரும்பாலும் 7 முதல் 9 யூனிட் கொள்ளும். மகிந்திரா ட்ரியோவை எடுத்துக்கொண்டால் 7.4 யூனிட் பேட்டரி. 16 ஆம்பியர் சாக்கெட்டில் நிரம்ப நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதாவது மணிக்கு ஏறக்குறைய 2 யூனிட். மதியம் சவாரி குறையும் இரண்டு மணி நேரத்தில் 4 யூனிட் ஏறிவிடும்; இன்னொரு 50 கிலோமீட்டர் ஓட்ட அது போதும். ஸ்கூட்டர்களோ இன்னும் சாது. அவற்றோடு வரும் சார்ஜர்கள் முக்கால் கிலோவாட்டை ஒட்டியே இழுக்கும்.

ஆகவே ஆறு 16 ஆம்பியர் பாயின்ட்டுகளோடு தொடங்குங்கள். நான்கில் ஆட்டோ, இரண்டில் ஸ்கூட்டர் நின்றால் ஒரே நேரத்தில் இழுப்பது 10 முதல் 11 கிலோவாட். 12 கிலோவாட் அளவில் மூன்று பேஸ் இணைப்புக் கேளுங்கள். பேஸுக்கு இரண்டு சாக்கெட் என்று பிரித்துவிடுங்கள். பின்னால் கூட்டிக்கொள்ள எம்.சி.பி. மாட்டும் சுவிட்ச் பெட்டியில் நான்கு இடம் காலியாகவும், தரைக்கடியில் ஒரு வெற்றுக் குழாயும் இருக்கட்டும். குழி தோண்டும்போதே குழாயைப் போட்டால் செலவு சொற்பம்.

இனி வயரிங். ஊர்ப்புறத்து சார்ஜிங் பாயின்ட்டுகள் கெட்டுப்போவது எல்லாம் இந்த இடத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வீட்டு சாக்கெட்டில் அயர்ன்பாக்ஸ் பத்து நிமிடம் ஓடும், நிற்கும். ஆட்டோ சார்ஜர் நான்கு மணி நேரம் விடாமல் இழுக்கும். இன்றைய ஆட்டோக்கள் 2 கிலோவாட்டை ஒட்டி எடுத்தாலும், வயரிங்கை 16 ஆம்பியர் பாயின்ட்டின் உச்ச அளவான 3.3 கிலோவாட்டுக்குப் போட வேண்டும்; அது 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல். வோல்டேஜ் குறைந்தால் பல சார்ஜர்கள் அதே வாட்டை எடுக்க ஆம்பியரைக் கூட்டும். மீட்டர் பலகையில் இருந்து சாக்கெட் 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் வழியிலேயே 6 வோல்ட்டுக்கு மேல் விழும். 4 சதுர மில்லிமீட்டரில் 4 வோல்ட்தான். 50 மீட்டரைத் தாண்டினால் 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். அலுமினியக் கம்பியை சாக்கெட்டுக்கு நேராக இழுக்கவே கூடாது. அது சூட்டில் விரிந்து சுருங்கி, திருகு தளர்ந்து, தளர்ந்த இடம் இன்னும் சூடாகி, கடைசியில் சாக்கெட் உருகும்.

ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி சர்க்யூட். அதில் 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (அளவுக்கு மீறி இழுத்தால் துண்டிப்பது), 30 மில்லியாம்பியர் ஏ வகை ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வாக வாங்கினால் இடம் மிச்சம். ஆறுக்கும் பொதுவாக ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் மழையில் நனைந்த ஒரு ஸ்கூட்டர் கசிந்தாலும் மற்ற ஐந்தும் அணைந்துவிடும். கோடையில் இரும்புப் பெட்டிக்குள் எம்.சி.பி.க்களை நெருக்கி வைத்தால் 14 ஆம்பியரிலேயே சூட்டில் ட்ரிப் ஆகும். உடனே யாராவது 32 ஆம்பியர் மாட்டச் சொல்வார்கள். மாட்டினால் அடுத்துத் தீப்பிடிப்பது சாக்கெட். பெட்டியை நிழலில் வையுங்கள், எம்.சி.பி.க்களுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விடுங்கள், ட்ரிப் நின்றுவிடும்.

சாக்கெட் விஷயத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரம், வண்டி நிற்கும் இடம் பாயின்ட்டிலிருந்து 5 மீட்டருக்குள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறாத ஊரே இல்லை. 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் ஓட்டையில் சொருகும் கன்வர்ட்டரையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்டோக்களின் கேபிள் முனையில் பெரும்பாலும் 16 ஆம்பியர் மூன்று முள் பிளக்தான் இருக்கும்; அதனால் ஐ.எஸ். 1293 முத்திரை உள்ள சாக்கெட்டை மழைநீர் புகாத மூடிப் பெட்டியில் வையுங்கள். பாரத் ஏ.சி. 001 என்ற பழைய அரசுத் தரத்தில் அமைந்த நிலையங்களில் வரும் நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட் உறுதியானதுதான். ஆனால் ஆட்டோக்காரர் அதற்கும் ஓர் அடாப்டரைத் தேட வேண்டியிருக்கும்.

எர்த் தனிக் கதை. பல ஊர்களில் எர்த் என்று காட்டப்படுவது சுவருக்குள் போய் எங்கோ காணாமல் போன ஒரு கம்பி. எர்த் சரியில்லை என்றால் சில சார்ஜர்கள் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது எலக்ட்ரீஷியன் செய்யும் குறுக்குவழி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போடுவது. சார்ஜர் ஓடும், எல்லோரும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால் ஆட்டோவின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். எங்கே அப்படிப் பார்த்தாலும் அந்த சாக்கெட்டை உடனே அணைத்துவிடுங்கள்.

நிலையத்துக்கென்று தனியாக இரண்டு எர்த் குழி தோண்டுங்கள். குறைந்தது 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், மூடி. எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எண் அழகாகத்தான் வரும். மே மாதத்திலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். செம்மண் பாறை நிலம் என்றால் மூன்றாவது குழி தேவைப்படலாம்.

மேல்நிலைக் கம்பி ஊர்களில் காற்றடித்தால் நியூட்ரல் அறுவது உண்டு. அப்போது மூன்று பேஸும் தடுமாறி, ஒரு பேஸில் 350 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகும். அதில் மாட்டிய சார்ஜர்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இதற்கு மெயினில் ஒரு வோல்டேஜ் கண்காணிப்பு ரிலேயும் கான்டாக்டரும் வேண்டும்: 180-க்குக் கீழே, 270-க்கு மேலே போனால் துண்டித்து, சரியானபின் சில நிமிடம் கழித்துத் திரும்ப இணைக்கும்படி வையுங்கள். இடி மின்னலால் பாயும் திடீர் வோல்டேஜைத் தரைக்குத் திருப்ப இரண்டாம் வகை எஸ்.பி.டி. ஒன்று. இந்த இரண்டையும் கொட்டேஷனில் இருந்து முதலில் வெட்டுவார்கள். விடாதீர்கள்.

கட்டணத்தை மணிக்கணக்கில் வாங்க வேண்டாம். ஸ்கூட்டர் ஒரு மணியில் முக்கால் யூனிட்கூட எடுக்காது, ஆட்டோ இரண்டு எடுக்கும். சாக்கெட்டுக்கு ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17017-22-1, இதற்காகவே வந்த மலிவு விலை 3.3 கிலோவாட் பாயின்ட்டுக்கான தரம். புளூடூத் வழியே கைபேசியோடு பேசும் வகை. ஆப்பைப் பராமரிக்க ஆள் இருக்கும் நிறுவனம் என்றால் அதை வாங்கலாம். இல்லையென்றால் சப்-மீட்டரும் ஒரு நோட்டும் பக்கத்துக் கடைக்காரரும் போதும்.

இணைப்புக்கு வருவோம். சார்ஜிங் நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் மின்வாகன சார்ஜிங்குக்கான கட்டணப் பிரிவில்தான் இணைப்பு வாங்க வேண்டும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் இணைப்பில் இருந்து கம்பி இழுப்பதும், விவசாய இலவச இணைப்பில் வண்டி சார்ஜ் போடுவதும் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் மாட்டும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். வீட்டில் சொந்த வண்டிக்கு வீட்டு இணைப்பிலேயே போட்டுக்கொள்ளலாம், அதில் தடையில்லை.

விண்ணப்பிக்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகப் பொறியாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: அந்த இடத்துக்கு எந்த டிரான்ஸ்பார்மர், அதில் மாலை உச்ச லோடு எவ்வளவு, புதிதாகக் கம்பம் நட வேண்டுமா. மூன்றாவதுதான் பட்ஜெட்டைப் புரட்டிப்போடும். இரண்டு கம்பம் தள்ளி இருக்கும் இடத்தைவிட, கம்பத்தடியில் இருக்கும் ஊராட்சி அலுவலகச் சுவரே மேல். மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு கட்டணம் வைக்கலாம் என்கிறது. இங்கே செல்லுபடியாவது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணை. அதன் நடப்பு விகிதத்தை வைத்துத்தான் உங்கள் யூனிட் விலையை முடிவு செய்ய வேண்டும்.

சோலார் பற்றிச் சொன்னதில் பாதி தப்பு. சோலார் மின்சாரத்தை லைனோடு சேர்க்கும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் வேண்டுமென்றே நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஒயர்மேன் உயிர் போகாமல் இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோதும் ஓட பேட்டரி வேண்டும். வண்டியில் ஏற்கெனவே பேட்டரி இருக்க, கூரையில் இன்னொன்று வாங்குவது வீண்.

இலவசம் என்பதும் அளவைப் பொறுத்தது. 1 கிலோவாட் பேனல் நம் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். வடகிழக்குப் பருவமழையில் அதில் பாதியும் வராத நாட்கள் உண்டு. 5 கிலோவாட்டுக்கு சுமார் 500 சதுர அடி, நாளுக்கு 20 யூனிட். ஐந்து ஆட்டோக்களின் மதிய சார்ஜுக்கு அது சரியாக இருக்கும். பேனலை சார்ஜிங் ஷெட்டின் தகரத்தின் மேல் ஏற்றாமல் ஊராட்சி அலுவலகக் கான்கிரீட் மாடியில் வையுங்கள். ஆடிக் காற்றுக்குத் தகர ஷெட் தாங்காது. தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு, பறவை எச்சத்தைக் கழுவ ஒரு குழாய். அந்தக் கட்டடத்தின் இணைப்புக்கு உற்பத்தியை எந்த முறையில் கழிப்பார்கள் என்பதையும் அதே பொறியாளரிடம் எழுத்தில் கேட்டபின்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

“நிலக்கரிக் கரண்டில்தானே ஓடுகிறது” என்று சபையில் ஒருவர் நிச்சயம் கேட்பார். பதில் கையில் இருக்கட்டும். ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்குச் சுவரில் இருந்து மூன்றரை யூனிட் எடுக்கிறது; இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ கரியமில வாயு, ஆகமொத்தம் இரண்டரை கிலோ. லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 5 கிலோ. பாதிதான் மிச்சம், முழுதும் இல்லை. பகலில் மின்தொகுப்பில் சோலார் கரண்ட் கலப்பதால் அப்போது சார்ஜ் போட்டால் மிச்சம் கூடும்; அதனால் மதிய சார்ஜை ஊக்குவிக்கும்படி கட்டணம் வையுங்கள்.

ஊராட்சியே மின்சார வேலையில் இறங்கியதற்கு முன்னுதாரணம் கேட்டால் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை இருக்கிறது. 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊராட்சி அது. அதைவிட உடனே கைக்கு எட்டுவது பிரதமர் சூர்ய கர் திட்டம்: வீட்டுக் கூரையில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இது வீட்டு இணைப்புகளுக்கு. ஊராட்சிக் கட்டடத்துக்கு இந்த மானியம் கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமத்துக்கு 1 கோடி ரூபாய் என்ற பிரிவும் அதே திட்டத்தில் உண்டு. அதற்கு 5,000-க்கு மேல் மக்கள்தொகை தேவை. வருவாய்க் கிராமக் கணக்கில் நீங்கள் அதைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கோரம். “சார்ஜிங் நிலையம் அமைக்க வேண்டும்” என்ற ஒற்றை வரித் தீர்மானம் கோப்பிலேயே தூங்கிவிடும். இடத்தின் சர்வே எண், ஆறு 16 ஆம்பியர் பாயின்ட், 12 கிலோவாட் மூன்று பேஸ் இணைப்பு, தலைவர் அல்லது தனி அலுவலர் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது, யூனிட் விலையை யார் நிர்ணயிப்பது, வசூல் எந்தக் கணக்கில் போவது, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி, சப்-மீட்டர் கணக்கை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். பராமரிப்பு என்றால் மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. முதல் மாதம் முடிந்ததும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் முடுக்குவது. பழுப்பேறிய சாக்கெட்டை அன்றே மாற்றுவது. மாற்று சாக்கெட் இரண்டு அலுவலக அலமாரியில் எப்போதும் இருக்கட்டும்.